தாளம் தவறாத பெட்டி

மரச்செதுக்கு வேலை நடக்கும் பட்டறைகளில் சி.என்.சி. ரவுட்டரைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இயந்திரம் பளபளவென்று இருக்கும். தேக்குப் பலகையில் மயிலும் கொடியும் மயிரிழை பிசகாமல் இறங்கும். ஆனால் அதை ஓட்டும் கணினி? மூலையில் மரத்தூள் படிந்து கிடக்கும் பதினைந்து வருடப் பழைய பெட்டி. பின்பக்கம் இளஞ்சிவப்பு நிறத்தில் 25 துளைகளோடு அகலமாக ஒரு பேரலல் போர்ட். இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. கடைக்காரர் கணக்கு எழுத வைத்திருக்கும் மடிக்கணினி இதைவிடப் பல மடங்கு வேகமானது. அதை ஏன் இயந்திரத்தோடு இணைக்கவில்லை?

வீட்டில் சிறிய சி.என்.சி. கட்டுகிறவர்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். அவர்களில் பலர் கையளவு ஆர்டுயினோ பலகை ஒன்றை வைத்தே மூன்று அச்சுகளையும் ஓட்டுகிறார்கள். அதன் நினைவகம் 2 கிலோபைட். மேலே உள்ள பத்தியைத் தமிழில் அப்படியே எழுதி வைத்தால் அதன் பெரும்பகுதி நிரம்பிவிடும். அது தேக்கைச் செதுக்குகிறது; 16 கிகாபைட் மடிக்கணினி தடுமாறுகிறது.

வீட்டு சி.என்.சி.க்குக் கணினி வாங்கப் போகிறவர் முதலில் இந்தப் புதிரை அவிழ்த்துக்கொள்வது நல்லது. பட்ஜெட் பற்றிப் பிறகு பேசலாம்.

நொடியை நறுக்கினால்

ஒரு சராசரி வீட்டு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு அச்சையும் நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். மின்சாரம் கொடுத்ததும் சுழன்றுகொண்டே இருக்கும் மோட்டார் அல்ல அது. ஒரு மின்துடிப்பு வந்தால் ஓர் அடி நகரும், நிற்கும். அடுத்த துடிப்புக்கு அடுத்த அடி. ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். மோட்டாருக்கு முன்னால் இருக்கும் டிரைவர், ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரிக்கும்படி அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அப்போது சுற்றுக்கு 1,600 துடிப்புகள்.

மோட்டாரோடு இணைந்த பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. தள்ளும். ஆகவே 1 மி.மீ. நகர 320 துடிப்புகள். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்றால் நொடிக்கு 50 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 16,000 துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 62.5 மைக்ரோவிநாடி. நொடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரோவிநாடி. கண்ணை ஒரு முறை இமைப்பதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான துடிப்புகள் போயிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தன் நேரத்தில்.

3 கிகாஹெர்ட்ஸ் மடிக்கணினிக்கு 62.5 மைக்ரோவிநாடி என்பது மிக நீண்ட அவகாசம். அதற்குள் அதன் உள்கடிகாரம் 1,87,500 முறை தட்டிவிடும். எனவே வேகம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு முறை பிந்தினால்

நொடிக்கு 16,000 துடிப்புகளை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கும் கணினி, நடுவில் ஒரு முறை மட்டும் 1 மில்லிவிநாடி வேறு வேலையாகப் போய்விடுகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் 16 துடிப்புகள் போயிருக்க வேண்டும். டிரைவர் எட்டாகப் பிரிப்பதால் 16 துடிப்பு என்பது மோட்டாரின் இரண்டு முழு அடிகள்.

மோட்டாரின் உள்ளே காந்தப்புலம் முன்னால் போக, சுழலி அதைப் பின்தொடர்கிறது. துடிப்பு நின்றதும் புலம் நின்றுவிடும். ஆனால் சுழலியும் ஸ்க்ரூவும் அதன் மேல் ஏறியிருக்கும் கனமான பாலமும் அதே நொடியில் நிற்குமா? உந்தம் அவற்றை முன்னே தள்ளும். புலத்துக்கும் சுழலிக்கும் உள்ள இடைவெளி இரண்டு முழு அடிகளைத் தாண்டினால், புலம் அதைப் பழைய இடத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக அடுத்த பள்ளத்துக்குத் தள்ளிவிடும். சுழலி அங்கே தாண்டாமல் நின்றுவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. கணினி திரும்பி வந்ததும், எதுவும் நடக்காதது போல நொடிக்கு 16,000 என்ற வேகத்திலேயே துடிப்புகளைத் தொடங்கும். நின்றுபோன மோட்டாரால் ஒரே எட்டில் அந்த வேகத்துக்கு ஏற முடியாது, உறுமிவிட்டுப் பின்தங்கும்.

இப்படி நழுவும்போது மோட்டார் ஏனோதானோவென்று நழுவுவதில்லை. அதன் காந்த அமைப்பு நான்கு முழு அடிகளுக்கு ஒரு முறை திரும்ப வருவதால், நழுவலும் நான்கு நான்கு அடிகளாகத்தான் நடக்கும். நான்கு அடி என்பது 7.2 பாகை. நம் ஸ்க்ரூவில் சரியாக 0.1 மி.மீ. வெட்டிய பொருளை அளந்து, பிழை 0.1, 0.2, 0.3 என்று படிப்படியாக இருந்தால் இந்த இயந்திரத்தில் மோட்டார் நழுவுகிறது என்று சந்தேகப்படலாம். பிழை வேறு அளவுகளில் இருந்தால் தளர்ந்த கப்ளிங்கையோ ஸ்க்ரூவின் ஆட்டத்தையோ தேடுவது நல்லது.

இதில் கொடுமை, யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தான் எங்கே இருக்கிறது என்று திருப்பிச் சொல்லாது. அனுப்பிய துடிப்புகளை எண்ணிக் கணினி நிம்மதியாக இருக்கும். நழுவிய புள்ளிக்குப் பிறகு வெட்டியதெல்லாம் ஒதுங்கிப்போயிருக்கும். பத்து முறை ஒரே பக்கம் நழுவினால் மயிலின் கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே 1 மி.மீ. படிக்கட்டு.

தாமதம் 100 மைக்ரோவிநாடி அளவில் இருந்தால் பெரும்பாலும் நழுவாது, மோட்டார் கரகரக்கும். ஆனால் உளி மரத்தின் முடிச்சில் ஏறி, மோட்டாரின் பலம் முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும் வேளையில் அதுவே போதுமானதாகிவிடும்.

விரல்கள் மின்னலாய் ஓடும் மிருதங்கக்காரர், பத்து ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை தாளம் தவறினால் கச்சேரி என்னவாகும்? சி.என்.சி.க்கு வேண்டியது தாளம். கணினி சராசரியாக எவ்வளவு வேகம் என்பதை விட்டுவிட்டு, மிக மோசமான கணத்தில் எவ்வளவு பிந்துகிறது என்று கேட்க வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அது முன்னும் பின்னும் தடுமாறும் அளவை நேரப்பிசகு என்று அழைப்போம். கடை விளம்பரத்தில் கிகாஹெர்ட்ஸ் இருக்கும், கிகாபைட் இருக்கும். நேரப்பிசகு இருக்கவே இருக்காது.

மடிக்கணினி எங்கே போய்விடுகிறது?

மடிக்கணினி சோம்பேறி அல்ல. அதற்கு எசமானர்கள் அதிகம். திரை, வைஃபை, வைரஸ் தேடல், பின்னணியில் இறங்கும் அப்டேட் என்று நூற்றுக்கணக்கான வேலைகளை இயங்குதளம் மாற்றி மாற்றிக் கவனிக்கிறது. யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பது அதன் கொள்கை. துடிப்பு அனுப்பும் நிரலும் அந்த வரிசையில் ஓர் ஆள்.

இரண்டாவது, உறக்கம். பேட்டரியை மிச்சப்படுத்த நவீனச் செயலி வேலை இல்லாத கணங்களில் தன் பாகங்களை அணைத்துவிடும். லேசான தூக்கத்திலிருந்து எழ ஓரிரு மைக்ரோவிநாடி ஆகும். ஆழ்ந்த தூக்கம் என்றால் 100 மைக்ரோவிநாடிக்கு மேலும் ஆகலாம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குட்டித் தூக்கம் போடும் செயலியை நம்பி உளியை ஓட்ட முடியாது.

மூன்றாவதுதான் விசித்திரமானது. மின்விசிறி, வெப்பம் போன்றவற்றைக் கவனிக்க, தாய்ப்பலகையில் பதித்திருக்கும் மென்பொருள் அவ்வப்போது செயலியையே தன் வசம் எடுத்துக்கொள்ளும். இயங்குதளத்துக்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் கொஞ்ச நேரம் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். மடிக்கணினிகளில் இந்தத் திருட்டு அதிகம்.

முதல் இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. பயாஸ் அமைப்பில் மின்சேமிப்பு வசதிகளை நிறுத்தலாம். லினக்ஸில் ஒரு செயலி மையத்தைத் துடிப்பு வேலைக்கென்றே ஒதுக்கலாம். அவசர வேலை வந்தால் மற்றதையெல்லாம் அந்தக் கணமே நிறுத்தும் நிகழ்நேர வசதி, இருபது ஆண்டுக் காலம் லினக்ஸுக்கு வெளியே ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தப்பட்டு, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் அதன் சொந்தப் பாகமானது. மூன்றாவதற்கு நம்மால் செய்யக்கூடியது குறைவு. அந்தப் பழக்கம் இல்லாத தாய்ப்பலகையைத் தேடி வாங்க வேண்டும்.

பழைய பெட்டியின் ரகசியம்

மூலையில் கிடக்கும் அந்தப் பெட்டிக்கு வருவோம். பேரலல் போர்ட் அச்சுப்பொறிக்காக வந்தது. செயலி ஓர் எண்ணை எழுதினால் அது அப்படியே எட்டு ஊசிகளில் மின்னழுத்தமாகத் தோன்றும். நடுவில் தரகர் கிடையாது. யு.எஸ்.பி. அப்படியல்ல, தகவலைத் தவணைகளாகத்தான் அனுப்பும்: பழைய வேகத்தில் 1 மில்லிவிநாடிக்கு ஒரு தவணை, ஹை-ஸ்பீடு முறையில் 125 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. நமக்கோ 62.5-க்கு ஒரு துடிப்பு வேண்டும். யு.எஸ்.பி.யை அச்சுப்பொறி போர்ட்டாக மாற்றும் கேபிளை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. அது அச்சுப்பொறிக்குத்தான் ஆகும்.

அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் மாக்3 என்ற மென்பொருள் ஓடும். அதன் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் இயங்காது. பட்டறைகளில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் சாகாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். லினக்ஸ் பக்கம் இருப்பது லினக்ஸ்சி.என்.சி.; அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 1990களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளின் வாரிசு, இலவசம். இன்டெலின் டி510எம்ஓ, டி525எம்டபிள்யூ போன்ற மலிவான ஆட்டம் தாய்ப்பலகைகளை இந்த வட்டத்தில் தேடித் தேடி வாங்கினார்கள். அலுவலக வேலைக்கு அவை ஆமை. நேரப்பிசகு மட்டும் மிகக் குறைவு.

இதற்கும் எல்லை உண்டு. இந்த முறையில் மென்பொருள் குறித்த இடைவெளியில் விழித்து, துடிப்பு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்க்கும். இடைவெளி 25 மைக்ரோவிநாடி என்று வைத்தால், நமக்கு வேண்டிய 62.5 அந்தக் கட்டத்தில் உட்காராது. ஒரு துடிப்பு 50-லும் அடுத்தது 75-லும் போகும். சராசரி சரி. ஆனால் மோட்டார் சராசரியை அறியாது. நொடிக்கு 20,000, 13,333 என்று இரண்டு வேகங்களுக்கு நடுவே ஊசலாடும். கணினி ஒரு முறைகூடப் பிந்தாவிட்டாலும் இந்தக் கரகரப்பு இருக்கும்.

ஆயிரம் தட்டு போதும்

ஆர்டுயினோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். 62.5 மைக்ரோவிநாடிக்குள் அது சரியாக 1,000 முறை தட்டும். மடிக்கணினியின் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு முன் இது எம்மாத்திரம்! ஆனால் அந்த ஆயிரத்திலும் பங்கு கேட்க யாரும் இல்லை. திரை இல்லை, வைஃபை இல்லை, உறக்கம் இல்லை. 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதத் தொடங்கி, பிறகு சங்கன் ஜியோன் வளர்த்தெடுத்த ஜி.ஆர்.பி.எல். என்ற நிரல் இந்தச் சின்னச் சில்லில் நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை தருகிறது.

அப்படியானால் மடிக்கணினியின் வேலை என்ன? ஜி-கோடு வரிகளை, அதாவது 'இங்கிருந்து அங்கே இந்த வேகத்தில் போ' என்ற கட்டளைகளை, ஒன்றன்பின் ஒன்றாகப் பலகைக்கு அனுப்புவது. பலகை அடுத்த 16 வரிகள் வரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே வேகமெடுப்பது, எங்கே குறைப்பது என்று திட்டமிடும். கையில் இருக்கும் கடைசி வரியின் முடிவில் நின்றாக வேண்டும் என்றே அது எப்போதும் திட்டமிடுகிறது. அடுத்த வரி வந்தால் திட்டத்தை நீட்டிக்கும். வராவிட்டால் மெல்ல வேகம் குறைந்து நிற்கும்.

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. மடிக்கணினி பிந்தினால் இப்போது நழுவல் இல்லை. உளி ஒரு கணம் தயங்கும். மரத்தில் லேசான சூட்டுத் தழும்பு விழலாம். ஆனால் இடம் தொலையாது. பிழை அதேதான், விளைவு வேறு.

சின்ன நினைவகத்துக்கு விலையும் உண்டு. புடைப்புச் சிற்பம் போன்ற வேலையில் பாதை 0.1 மி.மீ. துண்டுகளாக வரும். 16 துண்டு என்றால் பலகைக்குக் கண்ணில் தெரிவது 1.6 மி.மீ. மட்டும். நொடிக்கு நொடி 500 மி.மீ. வேகம் குறைக்கக்கூடிய இயந்திரம், 50 மி.மீ. வேகத்திலிருந்து நிற்க 2.5 மி.மீ. வேண்டும். அவ்வளவு தூரம் பார்வையில் இல்லாததால் பலகை 40 மி.மீ.யைத் தாண்ட மறுக்கும். மென்பொருளில் 50 என்று எத்தனை முறை மாற்றி எழுதினாலும் இயந்திரம் ஏன் கேட்க மாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில். தொடர்பு வழியும் இறுக்கமானது: நொடிக்கு 11,520 எழுத்துகள், வரிக்கு 20 எழுத்து என்றால் 576 வரிகள். நமக்கு வேண்டியதோ 500. ஈ.எஸ்.பி.32 சில்லில் ஓடும் ஃப்ளூயிட்என்.சி., டீன்சி பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல்.ஹால் ஆகியவை இந்த நெருக்கடியைத் தளர்த்துகின்றன. இன்று புதிதாகத் தொடங்குபவர் பழைய ஆர்டுயினோவில் தொடங்கத் தேவையில்லை என்பதே என் கட்சி.

கெடு மாறினால் கணினி மாறும்

1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உலகின் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தைக் காட்டியபோதும் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. கணக்கெல்லாம் முன்பே முடிந்து துளையிட்ட காகித நாடாவில் ஏறியிருக்கும். இயந்திரத்தின் அருகே நின்ற வெற்றிடக் குழல் அலமாரி அதைப் படித்துத் துடிப்புகளாக மாற்றும். கணக்குக்கு அவசரமில்லை. துடிப்புக்குத்தான் அவசரம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் கணினித் தேர்வு எளிதாகிறது. துடிப்பை ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி.32 வகைப் பலகையிடம் விட்டால், மேலே உள்ள கணினிக்குக் கெடு சில பத்து மில்லிவிநாடி. ராஸ்பெர்ரி பை தாராளமாகப் போதும். சி.என்.சி.ஜே.எஸ். போன்ற மென்பொருளை அதில் போட்டுவிட்டால் கைப்பேசி உலாவியிலேயே இயக்கலாம். பெயர்ப்பலகை, கோலப் பலகை, சின்ன அலுமினியப் பாகங்கள் என்று வார இறுதி வேலை செய்பவருக்கு இதற்கு மேல் வேண்டாம்.

உலோக மில்லிங், நான்காவது அச்சு, தானாக உளி மாற்றுதல் என்று ஆசை வளர்ந்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. துடிப்பை மேசா போன்ற எஃப்.பி.ஜி.ஏ. அட்டையிடம் கொடுத்துவிட்டு, பாதைத் திட்டத்தை லினக்ஸ்சி.என்.சி. ஓடும் மினி பிசியிடம் வைத்துக்கொள்வது. கணினி 1 மில்லிவிநாடிக்கு ஒரு முறை 'இந்த வேகம்' என்று சொன்னால் போதும். துடிப்புகளை அட்டை சீராகப் பிரித்து அனுப்பும். 50, 75 ஊசலாட்டம் மறைந்துவிடும். அட்டையின் விலை பல சமயம் கணினியின் விலையை மிஞ்சும். மிஞ்சட்டும், காசை அங்கேதான் போட வேண்டும்.

பெட்டியைத் தேடும்போது

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை, அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்.பி.யின் தின் கிளையன்ட் வகைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையதாகக் கிடைக்கும். புத்தகம் போல ஒடுக்கமானவை. இயந்திரத்தின் அடியில் திருகி வைக்கலாம்.

வாங்கும் முன் சோதிக்க முடியும். லினக்ஸ்சி.என்.சி. தரும் லைவ் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், கடையிலேயே அதிலிருந்து தொடங்கி, லேட்டன்சி டெஸ்டை ஓட்ட வேண்டும். ஓடும்போது கணினியைச் சும்மா விடக் கூடாது: சாளரங்களை இழுத்தாட்டுங்கள், பெரிய கோப்பை நகலெடுங்கள், முப்பரிமாணப் படம் ஒன்றைச் சுழலவிடுங்கள். சும்மா இருக்கும் கணினி எல்லாமே நல்ல கணினிதான். பேரலல் போர்ட்டில் ஓட்டுவதானால் 20 மைக்ரோவிநாடிக்குள் இருப்பது உத்தமம், 50 வரை ஒப்பேற்றலாம், 100 தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேசா அட்டையோடு என்றால் 100 ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்த அட்டை ஈதர்நெட் வழியாக இணைவதானால் கணினியின் நெட்வொர்க் சில்லு என்ன என்று பாருங்கள். வரும் தகவலை உடனே தராமல் சேர்த்துவைத்துத் தரும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு. இன்டெல் சில்லுகளில் அதை நிறுத்துவது சுலபம்.

மரத்தூள் மின்விசிறியின் எமன். விசிறி இல்லாத பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். ராஸ்பெர்ரி பையில் எஸ்.டி. கார்டு பலவீனமான இடம். எழுதும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெடலாம். எஸ்.எஸ்.டி.யிலிருந்து தொடங்கும்படி அமைத்து, ஒரு சின்ன யு.பி.எஸ். சேர்ப்பது உத்தமம். பையின் ஊசிகளை நேராக டிரைவரோடு இணைப்பதானால், அவை தருவது 3.3 வோல்ட், பல டிரைவர்கள் எதிர்பார்ப்பது 5 வோல்ட் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உளியைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஓட்டும் இன்வெர்ட்டர் பெரிய மின் இரைச்சல்காரன். அதன் வயரை ஒட்டி நீளமான யு.எஸ்.பி. கேபிள் போனால் நடு வேலையில் தொடர்பு அறும். ஈதர்நெட் கேபிளின் இரு முனைகளிலும் குட்டி மின்மாற்றிகள் இருப்பதால் அது இந்த விஷயத்தில் திடமானது.

கணினிக்குப் போகக் கூடாத வயர்

சிவப்புக் காளான் தலையோடு இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை நேராகக் கணினியின் உள்ளீட்டில் மட்டும் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். கணினி உறைந்துபோனதால்தான் அந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்றால், யாரிடம் முறையிடுகிறீர்கள்? பொத்தானை ஒரு கான்டாக்டரோடு சேர்த்து, அழுத்தியதும் மோட்டார் டிரைவர்களுக்குப் போகும் மின்சாரமே அறும்படி வயரிங் செய்ய வேண்டும். ஸ்பிண்டிலை நிறுத்தும் வழி அந்தந்த இன்வெர்ட்டரின் கையேட்டில் இருக்கும். சிலவற்றுக்குத் தனி நிறுத்த முனையே உண்டு. கணினிக்குப் பொத்தானின் இரண்டாவது தொடர்பிலிருந்து, பொத்தான் அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டும் கொடுத்தால் போதும். மின்சாரம் அறுந்த பிறகு அச்சுகள் எங்கே நிற்கின்றன என்பது அதற்கும் தெரியாது. மறுபடி ஓட்டும் முன் இயந்திரத்தை ஹோம் செய்ய, அதாவது அச்சுகளைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும்.